கடலைப் பூசணமும் கல்லீரல் புற்றுநோயும்: எங்கே தவறுகிறோம்?

மரபணுவைக் கெடுக்கும் வேதிப்பொருள் என்றதும் ஆலைப் புகையும் பூச்சிமருந்தும்தான் நினைவுக்கு வருகின்றன. ஈர நிலக்கடலையில் வளரும் பச்சைப் பூசணமான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் சுரக்கும் அஃப்ளடாக்சினை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 1960இல் இங்கிலாந்தில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்த பிறகே இந்த நஞ்சு பிடிபட்டது.

வறுத்தால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பூசணம் சாகும், நஞ்சு ஓரளவே குறையும். வேகவைத்தால் அதுகூட இல்லை.

உடலுக்குள் போன அஃப்ளடாக்சின் நேரே மரபணுவைத் தொடுவதில்லை. அதை வெளியேற்றக் கிளம்பும் கல்லீரல் நொதிகளே அதை எபாக்சைடு என்ற முரட்டு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. இது டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை வெட்டியெறியப் பழுதுபார்க்கும் நொதிகள் உண்டு. அவை முடிப்பதற்குள் செல் பிரிந்துவிட்டால், நகலில் குவானின் இருக்கவேண்டிய இடத்தில் தைமின் என்ற வேறு எழுத்து வந்துவிடும். பி53 மரபணுவின் 249ஆவது மூவெழுத்துக் குறியில் (கோடான்) இப்படி நடந்தால் புரதத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் அமர்கிறது. பழுதான செல்லைப் பிரியவிடாமல் தடுப்பது பி53இன் வேலை. அந்தத் தடை தளர்ந்தபின் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும். இது புற்றுநோயாக முற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். கசந்த பருப்பு ஒன்றை விழுங்கிவிட்டோமே என்று பதற வேண்டாம், கசந்தால் துப்பிவிட்டால் போதும்.

மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸை இதிலிருந்து பிரித்துப் பார்ப்பதும் தவறு. வைரஸ் தாக்கிய கல்லீரலில் செல்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிரிவதால் பழுதுபார்க்க அவகாசம் குறைகிறது. ஷாங்காய் ஆண்களிடம் நடந்த ஆய்வில் நஞ்சு மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

களத்தில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். பருப்பு உடையக்கூடாது என்று தோலுரிக்கும் முன் காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். பூசணத்துக்கு இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. தெளித்தே ஆகவேண்டும் என்றால் உரித்த பருப்பை உடனே மறுபடி காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 7 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் மரப்பலகைமேல் அடுக்க வேண்டும்.

சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது ஆகியவற்றில்தான் நஞ்சு செறிந்திருக்கும். பொறுக்கியெடுத்தால் பெரும்பகுதி விலகிவிடும். ஆனால் அந்தக் கழிவை வீணாக்க மனமில்லாமல் செக்குக்கு அனுப்புகிறோம். சுத்திகரிப்பு இல்லாத எண்ணெயில் ஒரு பங்கு தங்கும், மீதி புண்ணாக்கில் சேரும். அதைத் தின்ற மாட்டின் பாலில் அது எம்1 என்ற வடிவில் வெளிவரும். இந்தியாவில் பாலுக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். காய்ச்சினாலும் போகாது. எனவே பொறுக்கிய சொத்தை மாட்டுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம்; குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள்.