இடைக்காலத் தமிழ்க் காவியங்கள்: எதில் தொடங்கி எப்படிப் படிப்பது

கம்பராமாயணத்தைப் பாயிரத்தில் தொடங்கியவர்கள் பலர் நாட்டுப்படலத்தைத் தாண்டுவதில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூல் அது. பழக்கமில்லாமல் நுழைந்தால் மூச்சு வாங்கும். முதலில் புகழேந்தியின் நளவெண்பாவை எடுங்கள். சுமார் நானூறு வெண்பா, தெரிந்த கதை, நான்கடியில் ஒரு காட்சி. நாளைக்கு ஐந்து பாடல் போதும்.

சந்தி பிரித்த, அதாவது சேர்ந்த சொற்களைத் தனித்தனியாக அச்சிட்ட பதிப்பாக வாங்குங்கள். உரையை உடனே பார்க்க வேண்டாம். இருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வினைமுற்றைத் தேடுங்கள்.

மல்லிகையே வெண்சங்கா வண்டூத வான்கருப்பு
வில்லி கணைதெரிந்து மெய்காப்ப - முல்லையெனும்
மென்மாலை தோளசைய மெல்ல நடந்ததே
புன்மாலை அந்திப் பொழுது

முற்று 'நடந்ததே'. நடந்தது எது? அந்திப்பொழுது. ஊத, காப்ப, அசைய மூன்றும் எச்சங்கள். அந்த நடைக்குச் சூழலாக நிற்பவை. மல்லிகையைச் சங்காக வைத்து வண்டு ஊத, கரும்பு வில்லேந்திய மன்மதன் அம்பைத் தேர்ந்தெடுத்துக் காவல் வர, முல்லை மாலை தோளில் அசைய, மாலைப்பொழுது அரசனைப் போல நடந்து வருகிறது. பலர் இடறுவது 'கருப்பு' என்ற இடத்தில். அது நிறம் அல்ல, கரும்பு. வில்லோடு சேரும்போது மெல்லினம் வல்லினமாகிவிட்டது. இப்படி முற்றிலிருந்து பின்னோக்கிப் பிரிக்கக் கை பழகிவிட்டால் எந்தக் காவியமும் திறக்கும்.

அடுத்து செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர் இதன் பொருள். வரிசையாகப் போனால் கடைதிறப்பு, காடு, கோயில், பேய்கள் என்று போருக்கு வர வெகுநேரமாகும். 'காளிக்குக் கூளி கூறியது' (கூளி என்றால் பேய்), 'போர் பாடியது' இரண்டையும் முதலில் படியுங்கள். போர்ப் பகுதியை மௌனமாகப் படிப்பது வீண்; குதிரையும் யானையும் சந்தத்தில்தான் ஓடுகின்றன. பிறகு முன்பகுதிக்குத் திரும்பினால் பேய்கள் ஏன் அத்தனை பசியோடு காத்திருக்கின்றன என்பது விளங்கும்.

இப்போது கம்பன். அயோத்தியா காண்டத்தில் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் நுழைந்து, கைகேயி சூழ்வினை, நகர் நீங்கு, குகப் படலம் என்று தொடருங்கள். உரையாடல் மிகுந்த பகுதி. யார் யாரிடம் பேசுகிறார் என்று பாடலோரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் இழை அறாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையுடன் இலவசமாகவே கிடைக்கிறது.

பெரியபுராணத்தில் கண்ணப்பரும் காரைக்கால் அம்மையாரும் முதலில்.

சீவக சிந்தாமணியைக் கடைசியில் வையுங்கள். 3,145 பாடல்கள். நச்சினார்க்கினியர் உரை பெரும் செல்வம்தான். ஆனால் எங்கோ இருக்கும் சொல்லை வேறெங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வார், தொடக்கக்காரருக்குத் தலை சுற்றும். எளிய உரையோடு முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை ஒருமுறை முடித்துவிட்டு அவரிடம் போங்கள்.