நொன்மெம் கோப்பு செய்யும்போது விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்பில் வார இறுதியில் ஆர் என்ற கணினி மொழி படிக்க வரும் பிள்ளைகளிடம் மருந்துப் பரிசோதனைத் தரவைக் கொடுத்து நொன்மெம் கோப்பு செய்யச் சொல்வதுண்டு. மருந்தின் செறிவு உடலில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மொடலாகக் கணிக்கும் மென்பொருள் நொன்மெம்; அதற்குக் கொடுக்கும் தரவு அட்டவணைதான் இந்தக் கோப்பு. ஒரு காலத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள்தான் திரும்பவும் வருகின்றன. அட்டவணை நிரலின் பெயர் பிழை, கமா விடுபட்டது எல்லாவற்றையும் மென்பொருளே கத்திச் சொல்லிவிடும், அவற்றை விடுவோம்.

மருந்து குடித்த நேரம்

பரிசோதனைத் தரவு பெரும்பாலும் எஸ்டிடிஎம் என்ற நியம வடிவில் வரும்: மருந்து கொடுத்த விவரம் ஈஎக்ஸ் அட்டவணையில், குருதியில் மருந்தின் செறிவு பிசி அட்டவணையில். வாட்டில் கொடுத்த மருந்துக்கு மணி இருக்கும். வீட்டில் குடித்ததற்குப் பல இடங்களில் திகதி மட்டும். இந்தக் கலப்பு நிரலை அப்படியே எழுத்தைத் திகதி-நேரமாக மாற்றும் ஆரின் ஆஸ்.பொசிக்ஸ்சிடீ கட்டளைக்குக் கொடுத்தால், அது எல்லா வரிக்கும் பொருந்தும் வடிவத்தைத் தேடித் திகதியில் போய் நிற்கும். ஒழுங்காக மணி எழுதிய வரிகளும் சேர்ந்து 00:00 ஆகிவிடும். எச்சரிக்கை ஒன்றும் வராது.

நாளுக்கு ஒரு வேளை, காலை 8 மணிக்கு மருந்து என்று வையுங்கள். அன்றைய மருந்துக்கு முன் 7.50க்கு எடுத்த மாதிரி, முந்திய வேளையிலிருந்து 23 மணி 50 நிமிடம் தள்ளியது. கோப்பிலோ மருந்து நள்ளிரவில் குடித்ததாகி, அதே மாதிரி 7 மணி 50 நிமிடத்துக்கு வந்துவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் செறிவு இவ்வளவு இறங்கியதென்று நம்பி மொடல் கிளியரன்ஸை, அதாவது உடல் மருந்தை அகற்றும் வேகத்தை, ஏற்றிவிடும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும் பிள்ளை ஒருவருக்கு இப்படித்தான் கிளியரன்ஸ் தாறுமாறாக வந்தது. மொடலில் சந்தேகப்பட்டு இரண்டாம் கம்பார்ட்மென்ட், அதாவது மருந்து பரவும் இன்னொரு பகுதி, சேர்த்தார். பொருத்தமும் கொஞ்சம் அழகானது, அதுதான் வினை. “தரவைத் திரும்பப் பார்த்தீங்களா தங்கச்சி?” “மறுகா பார்ப்பம் சேர், இப்ப ரன் ஓடுது.” ரன் முடியும்வரை நாள்கணக்கில் காத்திருப்பார்கள், ஒரு நோயாளியின் வரிகளைக் கண்ணால் பார்க்கப் பத்து நிமிடம் கிடைக்காது. எனக்கு இன்றுவரை எரிச்சல் இதில்தான்.

திகதி மட்டும் உள்ள வரிகளை முதலில் பிரித்தெடுங்கள். மாதிரி எடுத்த நாளின் மருந்து நேரம் பிசி அட்டவணையின் பிசிஆர்எஃப்டிடிடிசி நிரலில் இருக்கக்கூடும். வீட்டு வேளைகளுக்குப் பரிசோதனைத் திட்டத்திலுள்ள நேரத்தைப் போட்டால், அது ஊகம் என்று தனி நிரலில் குறியுங்கள். பிறகு கடைசி மருந்திலிருந்து கழிந்த நேரத்தைத் திட்டமிட்ட நேரத்தோடு வரைந்து பாருங்கள். 16 மணித்தியாலம் விலகிய புள்ளி கண்ணுக்குத் தப்பாது.

அலகு

மருந்து மில்லிகிராமில், கனவளவு லீற்றரில், செறிவு மில்லிலீற்றருக்கு நனோகிராமில் என்றால் அலகு பொருந்த 1000ஆல் பெருக்குவது ஒன்று இடையில் வர வேண்டும்: லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்பது மில்லிலீற்றருக்கு 1000 நனோகிராம்.

அளவிட முடியாத செறிவு

அளவீட்டின் கீழெல்லைக்கும் கீழே போன செறிவுக்குப் பூச்சியம் போடாதீர்கள். குறியிட்டு, அந்தக் கீழெல்லையையும் எழுதி வையுங்கள். இப்படிப்பட்ட செறிவுகளையும் மொடலில் சேர்ப்பதற்கு, நொன்மெம்மை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டுவர்ட் பீல் 2001இல் விளக்கிய எம்3 முறைக்கு அந்த எல்லை வேண்டும்.

எக்செல்

கோப்பை எக்செலில் திறந்து பார்க்கலாம், சேமிக்கக் கூடாது; திகதி மாறிவிடலாம். 03/04 எங்களுக்கு ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பிலுள்ள லெப்டொப்புக்கு மார்ச் 4.