கோஃபர் வேட்டை: கனடாச் சமவெளிப் பண்ணைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1917 மே 1 அன்று கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ‘கோஃபர் தினம்’ நடந்தது. பள்ளிப் பிள்ளைகள் வயல்களில் இறங்கி, பயிரைக் கடிக்கும் வளைவாழ் விலங்கான கோஃபர்களைக் கொன்று, வால்களைக் கொண்டுவந்து கணக்குக் கொடுத்தார்கள். அந்த ஒரே நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டதாகப் பதிவு. நூறு ஆண்டு கடந்துவிட்டது. இன்றும் அதே மாகாணத்தில், மழை பொய்த்த வருடங்களில், வயலோரம் முழுக்க கோஃபர்கள்தான். அப்படியானால் எங்கோ கணக்கு இடிக்கிறது. பண்ணைக்காரர்களும் அவர்களுக்கு உதவப் போகும் வேட்டைக்காரர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளில்தான் அதற்கான விடை இருக்கிறது.

முதல் தவறு, எதைச் சுடுகிறோம் என்று தெரியாமல் போவது. சமவெளி மக்கள் கோஃபர் என்று சொல்வது பெரும்பாலும் ரிச்சர்ட்சன் தரை அணிலை. மண்நிறம், வாலோடு சேர்த்து ஓர் அடி நீளம், வளை வாயில் முளைக்குச்சி போல நிமிர்ந்து நின்று சீட்டியடிக்கும். வளை திறந்தே கிடக்கும், வாயருகே மண் பரந்திருக்கும். உண்மையான பை கோஃபர் வேறு விலங்கு. அது மண்ணுக்கு வெளியே அரிதாகத்தான் வரும். குவியல் குவியலாக மண்ணைத் தள்ளிவிட்டு வாயை அடைத்துக்கொள்ளும். குதிரை மசால் வயலில் அந்தக் குவியல்களைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு காத்திருந்தால் பொழுதுதான் போகும். அதற்குப் பொறிதான் வழி. சஸ்காச்சுவானின் தெற்கு ஓரத்தில், புல்வெளித் தேசியப் பூங்காப் பகுதியில் மட்டும் கருவால் புல்வெளி நாய் என்னும் இனம் இருக்கிறது. பார்வைக்குக் கோஃபரின் பெரிய அண்ணன். ஆனால் சட்டம் பாதுகாக்கும் இனம்.

இதைவிடப் பெரிய ஆபத்து வளை ஆந்தை. கனடாவில் அழியும் நிலையில் இருக்கும் இந்தச் சிறிய ஆந்தை தானாக வளை தோண்டுவதில்லை. கோஃபரும், கோஃபரைத் தோண்டித் தின்னும் பேட்ஜர் என்னும் விலங்கும் விட்டுப்போன வளைகளில் குடியேறுகிறது. மண்மேட்டில் நிமிர்ந்து நிற்கும்போது அதுவும் ஒரு சாண் உயரம்தான். எதிர்வெயிலில் நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால் கோஃபரா ஆந்தையா என்று சொல்வது கடினம். பைனாகுலரில் பார்த்து முகம் தெரிந்த பிறகே துப்பாக்கியை எடுக்க வேண்டும். வளை வாயில் இறகுகளோ, வெள்ளை எச்சமோ, பரப்பிவைத்த சாணமோ தெரிந்தால் அந்தப் பக்கம் குண்டும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

காலம் தவறிய வேட்டை

பெரும்பாலானோர் ஜூனில்தான் கிளம்புகிறார்கள். வெயில் இதமாக இருக்கும், எங்கு பார்த்தாலும் குட்டிகள் துள்ளும், விவரமில்லாத அந்தக் குட்டிகள் எளிதில் சிக்கும். ஒரு மாலையில் எண்பது, நூறு என்று எண்ணிக்கை ஏறும். பண்ணைக்காரருக்கு இதனால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம்.

காரணம் இந்த விலங்கின் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. ஆண்கள் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ, பனி முழுக்கக் கரையும் முன்பே, வெளியே வருகின்றன. பெண்கள் அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து வந்து, வந்த சில நாளிலேயே இணைசேர்ந்துவிடும். கர்ப்பம் 23 நாள்தான். ஏப்ரலில் குட்டி போடும், ஈற்றுக்குச் சராசரி ஆறேழு. கண் திறக்காத அந்தக் குட்டிகள் ஏறக்குறைய ஒரு மாதம் வளைக்குள் இருந்துவிட்டு மே மாதம் வெளியே தலைகாட்டும். ஆண்டுக்கு ஒரே ஈற்று. ஜூனிலேயே வளர்ந்த ஆண்கள் அடுத்த வசந்தம்வரை நீளும் உறக்கத்துக்குப் போய்விடுகின்றன; ஜூலைக்குள் தாய்களும் போய்விடும். லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கெயில் மிச்செனர் பல பத்தாண்டுகள் இந்த விலங்கை ஆராய்ந்தவர். இந்தக் காலக்கணக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். மார்ச் கடைசியில் விழும் ஒரு பெண், வரப்போகும் ஆறேழு குட்டிகளையும் சேர்த்துக் குறைக்கிறது. ஜூனில் விழும் குட்டி ஒன்றே ஒன்று. அதுவும் பருந்துக்கோ பேட்ஜருக்கோ குளிருக்கோ பலியாகி, அடுத்த வசந்தத்தைக் காணாமலே போக வாய்ப்புள்ள குட்டி. அதன் தாய் அதற்குள் உறங்கப் போய்விட்டால் அடுத்த மார்ச்சில் பத்திரமாக வெளியே வரும். ஆகவே வேட்டைக்குரிய காலம் பெண்கள் வெளிவந்ததிலிருந்து குட்டி போடும்வரை உள்ள சில வாரங்கள்தான். ஆண்கள் மட்டும் நடமாடும் முதல் இரண்டு வாரத்தில் சுட்டுத் தள்ளுவதும் வீண்தான். மிஞ்சும் சில ஆண்களே எல்லாப் பெண்களுக்கும் போதும்.

ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை உள்ள காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்போது தாயைக் கொன்றால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். பயிரைக் காப்பதற்காக ஓர் உயிரைக் கொல்கிறோம் என்றால் அது வதையில்லாமல் முடிய வேண்டும். முடிந்தவரை அதற்கு முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.

சமவெளியில் குண்டு எங்கே போய் நிற்கும்?

.22 ரைஃபிளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் அதிகம். அதன் தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. சமவெளியில் அதைத் தடுக்க மலையும் இல்லை, மரமும் இல்லை. மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து ஒரு கோஃபர் நிற்கும். பார்க்க அருமையான குறி. அதைச் சுடக்கூடாது. மேட்டுக்கு அப்பால் டிராக்டர் ஓட்டுபவர் இருக்கலாம், மாடு இருக்கலாம், வீடு இருக்கலாம். குறிக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும், அதுவும் வெறும் மண். பொறுக்கிப் போட்ட கற்குவியல், உறைந்த தரை, தேங்கிய நீர் ஆகியவற்றில் பட்டால் குண்டு தெறித்து வேறு திசையில் போகும். லாரியின் பின்தட்டில் நின்று சுட்டால் குண்டு கீழ்நோக்கிப் போகும் என்பார்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வண்டியில் வைத்திருப்பதே குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். சாலையிலிருந்தோ சாலைக்குக் குறுக்கேயோ சுடவும் கூடாது.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். சஸ்காச்சுவானில் 2022 ஜனவரி 1 முதல், ‘உள்ளே வராதே’ என்ற பலகை இல்லாத பண்ணை நிலத்துக்கும் முன் அனுமதி தேவை.

தூரத்திலும் பேராசை வேண்டாம். சமவெளிக் காற்றில் .22 தோட்டாவை நம்பி 75 மீட்டருக்கு மேல் போனால் காயம்தான் மிஞ்சும். காயம்பட்டது வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் மெல்லச் சாகும்.

செத்ததை அப்படியே விட்டுவருவது பலர் பொருட்படுத்தாத தவறு. ஈயக் குண்டு உடலுக்குள் துணுக்குகளாகச் சிதறுகிறது. அந்த உடலைத் தின்னும் பருந்துகளின் இரத்தத்தில் ஈயம் ஏறும். அர்ஜென்டினாவரை போய் வரும் ஸ்வைன்சன் பருந்தும், ஃபெருஜினஸ் பருந்தும் கோஃபரை நம்பி வாழ்பவை. பண்ணைக்காரருக்குக் கூலி கேட்காத வேலையாட்கள் அவை. செத்தவற்றைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். தெள்ளுப்பூச்சி மூலமும் நோய் வரும். முடிந்தால் ஈயமில்லாத தோட்டா வாங்குங்கள்.

மருந்து

நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சான ஸ்ட்ரிக்னைன்தான் இங்கே பல தலைமுறைகளாகக் கோஃபர் மருந்தாக இருந்தது. அதை உண்டு செத்த கோஃபரைத் தின்ற நாய்களும் நரிகளும் பறவைகளும் செத்தன. கனடா அரசு 2020 மார்ச்சில் இந்தப் பயன்பாட்டை நிறுத்த முடிவெடுத்து, 2023 மார்ச் வரை அவகாசம் கொடுத்தது. பின்னர் மாகாணங்கள் அவசர அனுமதி கேட்டு விண்ணப்பித்தன. எனவே மருந்து வைக்குமுன் அந்த ஆண்டின் நிலவரத்தை உள்ளூர் வேளாண் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கொட்டகையில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொடாதீர்கள். மற்ற மருந்துகளான துத்தநாக பாஸ்பைடோ குளோரோஃபாசினோனோ, எதுவானாலும் வளைக்குள்ளேயே வைக்க வேண்டும், தரையில் தூவக்கூடாது. புல் பச்சை பிடித்த பிறகு மருந்து கலந்த ஓட்ஸ் இரையைக் கோஃபர்கள் சீண்டுவதும் குறைந்துவிடும். மருந்துக்கும் மார்ச் கடைசிதான் காலம். வளையில் அமோனியா உரவாயுவைப் பாய்ச்சும் வித்தை சட்டவிரோதம், பாய்ச்சுபவரின் நுரையீரலுக்கும் ஆபத்து.

புல்லை மறப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான் என்பது என் எண்ணம். கோஃபருக்கு வேண்டியது குட்டைப்புல். எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும் அதற்கு. வறட்சியிலும் மட்டுமீறிய மேய்ச்சலிலும் புல் ஒட்ட மொட்டையாகும்போது அது பெருகுகிறது; 2000-களின் தொடக்கத்தில் வந்த வறட்சியில் சஸ்காச்சுவான் கண்டது அதைத்தான். மேய்ச்சலைச் சுழற்சியாக்கி, புல்லை 15 செ.மீ.க்குக் கீழே இறங்கவிடாமல் வைத்த நிலத்தில் அதற்கு இருப்புக் கொள்ளாது. மொட்டை நிலத்தில் நீங்கள் எத்தனை சுட்டாலும், பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்தும் சாலையோரப் பள்ளத்திலிருந்தும் இளம் ஆண்கள் கோடையில் வந்து காலி வளைகளை நிரப்பும். அதனால் பக்கத்துப் பண்ணைக்காரரிடமும் பேசுங்கள். பேட்ஜர் தோண்டிய பள்ளம் எரிச்சல் தரும்தான். ஆனாலும் அதைச் சுடாதீர்கள்.

எங்கே முதலில் இறங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கோதுமை முளையைக் கடித்தாலும் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் ஓரளவு மீண்டு வரும். எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவின் குருத்து விதையிலைகளுக்கு நடுவே, மண்ணுக்கு மேலே இருக்கிறது. கடித்தால் அந்தச் செடி போனதுதான். ஆகவே மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய கனோலா வயலின் ஓரத்தில் தொடங்குங்கள். மாலையில் அங்குள்ள வளை வாய்களை மண்ணால் மூடி, இரண்டு நாள் கழித்து எத்தனை திறந்திருக்கின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்ச் கடைசியில் அதே இடத்தில் அதே முறையில் மறுபடி எண்ணினால், இந்த ஆண்டு செய்த வேலை பலித்ததா என்று தெரிந்துவிடும்.