செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ்: புதிதாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஸ்காட்லாந்தின் இந்தக் கடலோர கோல்ஃப் மைதானத்துக்குப் புதிதாக வருபவர்கள், எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். பிடியை இறுக்காதே, தலையைத் தூக்காதே என்பதெல்லாம் எங்கும் பொருந்தும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் குழியில் குறைத்து அடிப்பது

குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். அதன் முன்னால் ஒட்டியே ஸ்வில்கன் ஓடை. ஒரு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை, எடுங்கள்.

கொடி மாறிப்போவது

ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு குழிகள். முதல் ஒன்பது குழிகளுக்குப் போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு.

17-ஆம் குழியில் கொடியைப் பார்த்து அடிப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஹோட்டல் கொட்டகைக்கு மேலே அடிக்கும் முதல் அடிக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆட்டம் கெடுவதோ கிரீனை நோக்கி அடிக்கும்போது. கிரீன் ஒடுக்கமாகக் குறுக்கே கிடக்கிறது. இடப்பக்கம் முன்னால் ரோடு பங்கர் என்ற மணல் பள்ளம்; பின்னால் சாலை, அதற்கப்பால் கற்சுவர். மெத்தென்ற கிரீனில் பழகியவர்கள் பந்து விழுந்த இடத்தில் நிற்கும் என்று நம்புகிறார்கள். இங்கே புல்லுக்கு அடியில் மணல். கடற்காற்றில் தரை இறுகிக் கிடக்கும்.

போன கோடையில் என்னோடு ஆடிய ஒருவருக்கு, மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி கிரீனின் வலது முன்முனையைக் காட்டினார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கொடிக்கே அடித்தார். பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, துள்ளி, சாலையைத் தாண்டிச் சுவரடியில் போய் நின்றது. அங்கிருந்து தூக்கி அடித்தது கிரீனைக் கடந்து பங்கருக்குள் இறங்கியது. அதன் சுவர் செங்குத்து. பக்கவாட்டில் வெளியேறச் சொன்னோம், கேட்கவில்லை.

தரையே பங்கரை நோக்கிச் சரிவதால், அது தன் அளவைவிட அதிகப் பந்துகளை விழுங்குகிறது. 1978 ஓபன் போட்டியில் ஜப்பானிய ஆட்டக்காரர் நகாஜிமா கிரீனிலிருந்து பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) தட்டிய பந்தே அதில் விழுந்தது. 17-ஆம் குழியை முடிக்க அவர் 9 முறை அடித்தார். 2000 ஓபனில் அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் டுவால் அதிலிருந்து வெளியே வர நான்கு முறை அடித்தார்.

கிரீனுக்குச் சற்று முன்பே, வலப்பக்கம் நிறுத்துங்கள். அப்புறம் பட்டரால் மேட்டில் உருட்டுங்கள். நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய இந்த பார் 4 குழியில் ஐந்து எடுத்தால் அங்கே நல்ல கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை வருவது

பொதுவாக அன்று ஆட்டம் கிடையாது.

18-ஆம் குழியில் வெட்ஜ் (பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டை) எடுப்பது

கிரீனுக்கு முன்னால் 'பாவப் பள்ளத்தாக்கு' என்ற பள்ளம். 1995 ஓபனில் இத்தாலிய ஆட்டக்காரர் ரோக்கா தூக்கி அடிக்கப் போய்ப் பந்து அந்தப் பள்ளத்தோடு நின்றுவிட்டது. அடுத்து பட்டரால் உருட்டிக் குழியிலேயே போட்டு, சமநிலையில் இருந்த ஜான் டேலியோடு வெற்றியை முடிவுசெய்யும் பிளேஆஃபுக்குப் போனார். அந்தப் பள்ளத்தில் நீங்களும் பட்டரையே எடுங்கள். நினைப்பதைவிடக் கொஞ்சம் பலமாகத் தட்டுங்கள்.