சித்திரை வெயில்ல சுண்ணாம்புச் சாந்து வச்சு செங்கல் கட்டுறீங்களா?

காஞ்ச செங்கல்ல அப்படியே சாந்தை வைக்காதீங்க, செங்கல் சாந்துல இருக்குற தண்ணிய ஒரே இழுப்புல உறிஞ்சிரும், அப்புறம் சாந்து பிடிக்காம மாவா உதிரும். கட்டுறதுக்கு முன்னாடி செங்கல்ல தொட்டில நல்லா ஊறப்போட்டு எடுத்து, மேல சொட்டுற தண்ணி வடிஞ்சதும் வைங்க, சொட்டச் சொட்ட வச்சா வழுக்கும்.

சுண்ணாம்பு காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் மெதுவா கல்லாகும், அதுக்கு ஈரம் கண்டிப்பா வேணும். சாந்து வெயில்ல காஞ்சிருச்சுன்னா இறுகிருச்சுன்னு அர்த்தம் இல்ல, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அதனால உச்சி வெயில்ல கட்டாம காலைலயும் சாயங்காலமும் கட்டுங்க, கட்டுன சுவத்துக்கு ஈரச்சாக்கு தொங்கவிட்டு நிழல் பண்ணுங்க, காத்து அடிச்சா வெயில விட மோசம். குறைஞ்சது ஒரு வாரமாவது சாக்கு காயாம பாத்துக்கங்க, ஓஸ்ல பீச்சி அடிக்காதீங்க சாந்து கரைஞ்சு ஓடிரும், பூவாளியோ ஸ்பிரேயரோ போதும்.

மிச்ச சாந்தையும் ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. கெட்டியா இருந்தா உடனே தண்ணி ஊத்தாம முதல்ல நல்லா மிதிச்சோ இடிச்சோ பாருங்க, நீத்த சுண்ணாம்புன்னா, அதாவது தண்ணி ஊத்தி வெந்து பொங்க விட்ட சுண்ணாம்புன்னா, அந்த மிதியிலயே இளகிரும். கடுக்காய், வெல்லம் ஊறுன தண்ணி சேத்திருந்தாலும் இந்த ஈர வேலைய விட்டுறாதீங்க.