பல் தேய்த்தும் வாய் நாற்றம் போகவில்லையா?

பல் தேய்த்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி நாறினால் முதலில் நாக்கைப் பாருங்கள். பிரஷ் எட்டாத பின்பகுதியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதில் இருக்கும் பாக்டீரியா கிளப்புகிற கந்தக வாயுதான் பெரும்பாலும் காரணம். டங் கிளீனரைப் பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நாலைந்து தடவை இழுங்கள், ரத்தம் வருகிற அளவுக்குச் சுரண்ட வேண்டாம். அப்புறம் பல் இடுக்கு. ஃபிளாஸ் நூலை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள் (அருவருப்புதான், சரி), எந்த இடுக்கில் சிக்கல் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஏலக்காய், கிராம்பு மெல்லுவதெல்லாம் கொஞ்ச நேரம் மூடி மறைக்கிற வேலை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், வாயால் மூச்சு விட்டுத் தூங்கினாலும், சில மாத்திரைகளாலும் வாய் காய்ந்து நாறும். ஈறில் ரத்தம் கசிந்தால் பல் டாக்டரிடம் போய்ப் பல்லில் கெட்டியாகப் படிந்திருக்கும் காரையை எடுத்துவிடுங்கள். ரெண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் டான்சில் கல் (தொண்டைச் சதையில் சேர்ந்து கெட்டியாகிற அழுக்கு), சைனஸ், சர்க்கரை இருக்கிறதா என்று டாக்டரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.