ஜன்னல் சாத்திய வீட்டில் கவனிக்க வேண்டியவை

குளிர்நாட்டுக்குப் புதிதாக வந்து வீடு தேடும்போது வாடகை, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரிப்போம். வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இங்கே மாதக்கணக்கில் ஜன்னல் சாத்தியே கிடக்கும். உள்ளே உண்டாகும் புகையும் ஈரமும் வாயுவும் தானாக வெளியே போகாது. பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் ஆபத்து கார்பன் மோனாக்சைடு. கேஸ், எண்ணெய், விறகு, கரி எதுவானாலும் போதிய காற்றில்லாமல் எரிந்தால் இது வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும்; காய்ச்சல் மட்டும் இருக்காது. பயண அசதி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். வெளியே போனால் தலைவலி விடுகிறது, வீட்டுக்கு வந்தால் மறுபடி பிடிக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். உடனே எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்து அவசர எண்ணை அழையுங்கள். குளிருக்காக கேஸ் அடுப்பையோ கேஸ் ஓவனையோ எரிய விடுவது, கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவது இரண்டும் கூடவே கூடாது. வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லரை வருடம் ஒருமுறை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு, புகை அலாரம் வேறு. இரண்டும் ஒரே பெட்டியில் இருப்பதும் உண்டு. எது என்று எடுத்துப் படித்துப் பாருங்கள். நான் முதலில் தங்கிய வீட்டில் புகை அலாரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். சமைக்கும்போதெல்லாம் கத்துகிறதே என்று முன்பு இருந்தவர் செய்த வேலை. ஆறு மாதம் அதன் கீழேயே தூங்கினோம், அந்தப் பை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கத்தினால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். இடைவெளி விட்டு 'கீச்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும். 10 வருடம் தாண்டிய புகை அலாரத்தை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது பூஞ்சை. குளியல், சமையல், உள்ளே காயப்போட்ட துணி எல்லாவற்றிலிருந்தும் வரும் ஈரம், குளிர்ந்த வெளிச்சுவரில் போய் நீராகப் படியும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அதன் பின்னால்தான் கருப்பாகப் பூக்கும். ஒரு கை புகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது; அளக்கும் சின்னக் கருவி கடையில் கிடைக்கும். செலவை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்தே வைத்தால் சுவர் இன்னும் குளிர்ந்து பூஞ்சை கூடும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரி செல்சியஸாவது இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. துடைத்தும் அதே இடத்தில் திரும்ப வந்தால் குழாயோ கூரையோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். "நீங்கள் ஜன்னல் திறப்பதில்லை" என்று பழி உங்கள் மேல் வரும். அதனால் தேதியோடு படம் எடுத்து எழுத்திலேயே புகார் கொடுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

பழைய வீடு என்றால் பெயிண்டில் ஈயம், கூரையிலும் குழாய் உறையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வீடுகளுக்கு ஈய பெயிண்டை அமெரிக்கா 1978இல் தடுத்தது. பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத்தடை வந்ததே 1999இல்தான். கலைக்காதவரை ஆஸ்பெஸ்டாஸ் பெரிதாகத் தொல்லை தராது. நீங்களாகத் துளை போடுவது, சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது வேண்டாம். பெயிண்ட் உரிந்து விழும் இடத்தில் குழந்தையைத் தவழ விடாதீர்கள்.

வெந்நீர்க் குழாயையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கிருமி வளராமல் இருக்கத் தொட்டியில் 60 டிகிரி வைத்திருப்பார்கள். அந்தச் சூடு சில நொடியிலேயே தோலைப் பொசுக்கிவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது முதலில் குளிர்ந்த நீர், அப்புறம் வெந்நீர், கடைசியில் உங்கள் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது.

வாடகை குறைவு என்று நம்மில் பலர் பேஸ்மென்டில்தான் குடியேறுகிறோம். நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயு பெரும்பாலும் கீழ்த்தளத்தில்தான் அதிகம் சேரும். வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழி. சோதனைப் பெட்டி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: மாடிப்படியில் தீ பிடித்தால் எப்படி வெளியேறுவீர்கள்? படுக்கையறை ஜன்னல் வழியாக ஒரு பெரிய ஆள் நுழைந்து வெளியே போக முடிய வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஜன்னலை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். பெயிண்ட் அடித்து ஒட்டிப்போன ஜன்னல்களை நான் இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.